இருபத்தாறு வகைத் தொட்டில்கள்

நீர்மருது மரங்கள் நெருங்கி நிற்கும் காடு அது. அங்கே ஆற்றோடு சேர்ந்த ஒரு குளம். குளத்தை ஒட்டிய நொச்சிப் புதரில் செம்பி என்ற தையல்சிட்டு தொட்டில் தைத்துக்கொண்டிருந்தது. கட்டைவிரல் அளவுதான் உடம்பு. தலையில் செம்பு நிறத்தில் ஒரு தொப்பி. ஆனால் அது தைப்பதைப் பார்த்தவர்கள் வந்த வேலையை மறந்து நின்றுவிடுவார்கள்.

நானும் நின்றிருக்கிறேன். இலையின் ஓரத்தில் அலகால் ஒரு துளை. துளைக்குள் நூல். நூலை இழுத்து விட்டதும் அதன் நுனி பஞ்சாக விரிந்து துளையை அடைத்துக்கொள்ளும். முடிச்சே கிடையாது! ஊசி இல்லை, கத்தரி இல்லை, ஏன், கையே இல்லை. இதை யார் அதற்குச் சொல்லிக்கொடுத்தது? எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஆச்சரியம் அடங்கியதே இல்லை.

செம்பி தனியாகத் தைக்கவில்லை. அதைச் சுற்றி ஒரு சங்கம் இருந்தது. பொறியில் ஒரு காலை இழந்த அணில், பெயர் கோடன். ஒரு கண் தெரியாத சுண்டெலி. சிறகு ஒடிந்த மைனா. இன்னும் சிலர். காட்டில் யாருமே வேலைக்கு வைத்துக்கொள்ளாதவர்கள்தான் எல்லோரும். செம்பி மட்டும் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, அவர்களால் என்னென்ன செய்ய முடியும் என்று பொறுமையாகக் கேட்டது. அணிலுக்குப் பல் இருந்தது, நார் உரிக்கலாம். எலிக்கு மூக்கு இருந்தது, நல்ல பஞ்சையும் பூஞ்சை பிடித்த பஞ்சையும் பிரிக்கலாம். மைனாவுக்கு வாய் இருந்தது, போய்க் கேட்டுவரலாம்.

ஆம், கேட்டுத்தான் வர வேண்டும். சங்கத்தின் ஒரே கட்டுப்பாடு அதுதான். கேட்காமல் ஒரு நூலைக்கூட எடுக்கக் கூடாது. கொடுத்தவருக்கு ஏதாவது திருப்பிச் செய்யாமல் தைக்கத் தொடங்கக் கூடாது. சிலந்தி வலை நூல் தந்தால், மைனா போய் அதன் வலைப் பக்கம் வரும் குளவிகளை விரட்டும். வரையாடு முடி தந்தால், கோடன் அதன் முதுகில் ஒட்டிய ஒட்டுப்புல்லை எல்லாம் பொறுக்கி எடுக்கும்.

தொட்டில்கள் போவது ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பாறைக்காட்டுக்கு. அங்கே வெறும் கல். தைக்க நல்ல இலை கிடையாது. குட்டிகளைக் கிடத்த மெத்தென்று ஓர் இடம் கிடையாது. மழைக்காலத்துக்கு முன்னால் ஒரே ஒரு நாள், ஆற்று நடுவில் இருக்கும் மணல்திட்டில் சந்தை கூடும். அக்கரைக்காரர்கள் சாமையும் கிழங்கும் காய்ந்த இலந்தையும் கொண்டுவந்து, தொட்டிலை வாங்கிப் போவார்கள். சங்கத்துக்கு நாலு மாத மழைக்கு அதுதான் சாப்பாடு. அந்த ஒரு நாளை விட்டால் ஆறு பெருகிவிடும். பிறகு யாரும் கடக்க முடியாது.

தொட்டில் செய்தது இவர்கள் மட்டுமில்லை. குதியான் என்ற குரங்கு பெரிய பட்டறை வைத்திருந்தது. நூறு குரங்குகள் அங்கே வேலை. யாரையும் கேட்காமல் பச்சை மரங்களை மொட்டையடிப்பார்கள். இலை பளபளக்க வேண்டும் என்று சேராங்கொட்டைச் சாறு நிரப்பிய சாயக் குழியில் முக்குவார்கள். பட்ட இடமெல்லாம் கொப்பளிக்க வைக்கும் சாறு அது. மிச்சச் சாறு வாய்க்கால் வழியாக நேரே குளத்துக்கு வந்தது.

முதலில் கெண்டை மீன்களுக்குக் கண் எரிந்தது. அடுத்து, தண்ணீர் குடிக்க வந்த மான்குட்டிகளுக்கு வாயெல்லாம் புண். அந்தத் தொட்டில்களாவது நிலைத்தனவா? ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. கிழிந்தவை மிதந்து வந்து ஆற்றுத்துறையை அடைத்துக்கொண்டன.

செம்பிதான் பறந்து போய்க் காட்டின் தலைமை யானையிடம் முறையிட்டது.

“ஆனையம்மா, இதுக்கு ஒரு சட்டம் வேணுமுங்க! குளத்துல மீனெல்லாம் கண்ணு தெரியாமத் தவிக்குதுங்க!”

யானை மூன்று நாள் யோசித்தது. நாலாம் நாள் துதிக்கையைத் தூக்கிப் பிளிறியது. காடே கூடியது.

“எல்லாரும் கேட்டுக்கங்க! இனி ஆத்தைத் தாண்டிப் போற எந்தத் தொட்டிலா இருந்தாலும் மூணு கேள்விக்குப் பதில் சொல்லணும். எதுல செஞ்சது? எத்தனை நாள் தாங்கும்? மக்கினா மண்ணுக்குக் கெடுதல் உண்டா? வாயால சொன்னாப் பத்தாது. ஒவ்வொரு வகையிலயும் ஒண்ணை எடுத்து, நூல் நூலாப் பிரிச்சுப் பார்க்கணும். முத்திரை விழுந்த பிறகுதான் அந்த வகையில மத்ததெல்லாம் போகலாம்!”

அன்று யாரையும்விட அதிகமாகத் துள்ளிக் குதித்தது செம்பியின் சங்கம்தான். கோடன் மூன்று காலிலும் ஆடியது.

“அம்முணி, இனிமே நம்ம தொட்டிலுக்குத்தான் மதிப்பு! நாம ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது?”

சோதனை செய்யும் வேலை ஆற்று நண்டுக்குக் கிடைத்தது. நண்டு நேர்மையானது. நடப்பது பக்கவாட்டில்தான் என்றாலும் விதியைவிட்டு அரை அடி விலகாது. எல்லோருக்கும் அதன்மேல் மரியாதை, கொஞ்சம் பயமும்தான்.

சந்தை நாள் வந்தது. மேற்கே மேகம் திரண்டிருந்தது. மணல்திட்டின் ஒரு பக்கம் அக்கரைக்காரர்கள் கிழங்கு மூட்டையோடு காத்திருந்தார்கள். மறுபக்கம் தொட்டில்காரர்கள். நடுவில் நண்டு, ஈர மண்ணில் செய்த முத்திரையோடு.

முதலில் குதியான் வந்தது. முந்நூறு தொட்டில்கள் மலைபோல் குவிந்திருந்தன. எல்லாம் ஒரே அளவு, ஒரே பளபளப்பு.

“எத்தனை வகை?” என்றது நண்டு.

“ஒரே வகைங்க நண்டய்யா! இந்தாங்க, இதைப் பிரிச்சுப் பாருங்க!” என்று குதியான் தன் கையாலேயே ஒரு தொட்டிலை எடுத்துக் கொடுத்தது. கூடவே தாழை மடலில் எழுதிய ஒரு நீளப் பட்டியல். வடக்குச் சரிவு இலவ மரத்துப் பஞ்சு, இன்ன தேதி, இன்ன கிளை என்று அத்தனையும் அதில் இருந்தது.

நண்டு பிரித்தது. உறுதியான நூல். சாயம் படாமல், தேய்த்தே பளபளப்பாக்கிய இலை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. எப்படி இருக்கும்? அந்த ஒன்றை மட்டும் தனியாக உட்கார்ந்து ஒரு மாதம் செய்தார்கள் என்று பட்டறைக் குரங்குகள் பின்னால் ஒப்புக்கொண்டன. நண்டு முத்திரையை ஓங்கியது. பிறகு மடலைத் தொட்டுப் பார்த்து நிறுத்திக்கொண்டது.

“சித்த இருங்க, மடல் இன்னும் காயலை. சாயங்காலம் முத்திரை வெச்சுத் தர்றேன். அடுத்தது யாரு?”

செம்பி முன்னால் வந்தது. சங்கத்தார் தொட்டில்களை மணலில் வரிசையாக வைத்தார்கள்.

“எத்தனை தொட்டில் அம்முணி?”

“இருபத்தாறுங்க!”

“எத்தனை வகை?”

செம்பிக்குப் பெருமை தாங்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னது.

“இருபத்தாறு வகைங்க! நீர்நாய்க்குத் தண்ணி வடியறாப்புல அடியில சல்லடை வெச்சுத் தெச்சிருக்கறோம். கீரிக்கு ரெண்டு பக்கமும் வாசல், பாம்பு ஒரு பக்கம் வந்தா மறுபக்கம் ஓடிக்கலாம். மரநாய்க்கு ரெட்டைக் குட்டி, அதனால நடுவுல ஒரு மடிப்பு. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காதுங்க! கேட்டவங்களுக்குக் கேட்ட மாதிரி!”

நண்டின் கண்கள் இரண்டும் மெல்லக் கீழே இறங்கின. அது விதியை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தது. இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தது. எப்படிச் சொன்னாலும் விதி ஒன்றுதான்.

“அப்படின்னா இருபத்தாறையும் பிரிக்கணும் அம்முணி.”

“பிரிச்ச பிறகு?”

“மத்ததெல்லாம் போகலாம்.”

“மத்ததுன்னா... எதுங்க?”

நண்டு வரிசையை ஒருமுறை எண்ணிப் பார்த்தது. மத்தது என்று ஒன்றுமே இல்லை.

குதியான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கோடன் செம்பியின் காதருகே பதறியது.

“ஒரே வகைன்னு சொல்லிடு அம்முணி! எல்லாமே இலையும் நூலும்தானே! யாரு பார்க்கப் போறாங்க?”

“நீர்நாய்த் தொட்டில்ல முள்ளம்பன்றியைப் படுக்க வெக்க முடியுமாங்கண்ணா? முடியாதே! அப்பறம் எப்படி ஒரே வகைன்னு சொல்றது? பொய் சொல்றவங்களைத் தடுக்கத்தானே நாம சட்டம் கேட்டோம்?”

கோடன் தலையைக் குனிந்துகொண்டது. அதற்குப் பொந்தில் நாலு பிள்ளைகள். நாலு மாத மழை. அதன் பயம் எனக்குப் புரிகிறது. நானாக இருந்தால் ஒரே வகை என்று சொல்லிவிட்டிருப்பேன்.

குதியான் பக்கத்தில் வந்து, ரொம்பவும் அன்பாகப் பேசியது.

“எதுக்கு அம்முணி இந்தப் பாடு? நம்ம பட்டறைக்கு வந்துருங்க! உங்க தொட்டிலையும் என் முத்திரையிலயே அனுப்பிடறேன். அடுத்த வருசத்துல இருந்து ஒரே அளவு, ஒரே தையல். கேக்கறது, குடுக்கறது, இந்த வம்பெல்லாம் இல்லை. சாயக் குழியில முக்கி எடுக்க ஆளு வேணும். மூணு காலா இருந்தாலும் பரவால்லை!”

செம்பி மேகத்தைப் பார்த்தது. கிழங்கு மூட்டைகளைப் பார்த்தது. தன் சங்கத்தாரைப் பார்த்தது.

“சட்டத்தைக் கேட்டவளே நான்தானுங்க,” என்றது கடைசியில். “எனக்கு மட்டும் வேண்டாம்னு எப்படிச் சொல்வேன்? பிரிங்க நண்டய்யா. ஆனா எல்லாரும் பார்க்கப் பிரிங்க. ஒவ்வொரு நூலும் எங்கிருந்து வந்ததுன்னு நான் சொல்றேன். ஒரு தொட்டிலைப் பிரிச்சு முடிச்ச பிறகும் உங்களுக்குச் சந்தேகம் இருந்தா, மிச்சத்தையும் பிரிங்க.”

“ஒண்ணைப் பிரிச்சுட்டு நின்னு யோசிக்க விதியில தடை இல்லை,” என்றது நண்டு. “எதை முதல்ல பிரிக்கறது?”

எந்தத் தொட்டிலைப் பிரித்தாலும் அக்கரையில் ஒரு குட்டி வெறுங்கல்லில் படுக்க வேண்டும். அப்போது அக்கரைக்காரர் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு முள்ளம்பன்றி மெல்ல நடந்து வந்தது. நிறைமாதம். வயிறு மணலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முள்ளம்பன்றிக் குட்டிக்குப் பிறந்த சில நாளிலேயே முள் விறைத்துவிடும். எந்தப் படுக்கையும் கிழிந்து போகும். போன மழையில் இந்த முள்ளம்பன்றி வாங்கிய குதியானின் தொட்டில் மூன்றாம் நாளே கிழிந்து, குட்டி குளிரில் விறைத்துச் செத்துப்போனது. இந்த முறை செம்பி நாற்பது நாள் உட்கார்ந்து ஐந்து அடுக்கில் தைத்திருந்தது.

“என்னுதைப் பிரிங்க,” என்றது முள்ளம்பன்றி.

“ஐயோ, அக்கா! உங்க குட்டிக்கு?” என்று செம்பி அலறியது.

“அதுலதான் நூல் அதிகம். அதைப் பார்த்து நம்பினா மத்த இருபத்தஞ்சு புள்ளைங்களுக்காவது கிடைக்குமில்லையா? பிரிங்கய்யா, என் மனசு மாறறதுக்குள்ள!”

நண்டு தொட்டிலை எடுத்தது. கொடுக்கால் முதல் நூலை இழுத்தது. வரவில்லை. இரண்டு கொடுக்காலும் பிடித்தது. எட்டுக் காலையும் மணலில் ஊன்றிக்கொண்டு இழுத்தது. அப்போதுதான் நூல் அசைந்து, அறுபடாமல் முழுதாக வெளியே வந்தது. வெயிலில் அது மின்னியது.

“இது வடக்குப் பாறைச் சிலந்தி குடுத்த நூலுங்க,” என்றது செம்பி. “ஏழு நாள் வலை. மூணு புரியா முறுக்கினோம். பதிலுக்கு மைனா ஒரு மாசம் குளவி விரட்டுச்சு.”

“ஆமாங்க! என்னுதேதான்!”

திட்டின்மேல் சாய்ந்திருந்த கரை மரத்துக் கிளையிலிருந்து சரசரவென்று சிலந்தி இறங்கி வந்தது. அது இறங்கி வந்த நூலும் தொட்டிலில் இருந்து உருவிய நூலும் பக்கத்தில் பக்கத்தில். நண்டு இரண்டையும் தடவிப் பார்த்தது. ஒரே நூல்!

அடுத்தது பழுப்பு நிற முடி.

“மலை வரையாட்டு முடிங்க. உதிர்ந்தது மட்டும்தான்.”

“என் கழுத்து முடி!” என்று கரையிலிருந்து வரையாடு கத்தியது. “அந்த அணில் என் முதுகுல ஒட்டுப்புல்லு பொறுக்கினப்ப நானா குடுத்தேன்!”

அடுத்தது வெள்ளைப் பஞ்சு. குளக்கரை இலவ மரத்தால் எழுந்து வந்து சாட்சி சொல்ல முடியாது. அதில் பொந்து வைத்திருக்கும் குக்குறுவான் பறவை சொன்னது. “காய் தானா வெடிச்ச பிறகுதான் எடுத்தாங்க. விதையைக் கொண்டுபோய் மேட்டுல நட்டாங்க. முளைச்சிருக்குது, போய்ப் பாருங்க!”

அடுத்தது பச்சை நார். ஆற்றிலிருந்து கெண்டை மீன்கள் தலையை நீட்டின. “எங்க பாசி! நாங்கதான் கடிச்சுக் குடுத்தோம்!”

நூல் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு நூலுக்கும் செம்பி ஒரு பெயர் சொன்னது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் எழுந்தது. புறாவின் தூவி. முயலின் மார்பு முடி. பட்டுப்பூச்சி விட்டுப்போன கூடு. சந்தைக்காரர்கள் பேரத்தை நிறுத்தினார்கள். குதியானின் பட்டறைக் குரங்குகள்கூட அருகே வந்து குந்திக்கொண்டன. மணல்திட்டில் செம்பியின் குரலும் பதில் குரலும் தவிர ஒரு சத்தமில்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு குட்டி படுக்கும் தொட்டில்தானே என்று நினைத்திருந்தோம். அதற்குள் ஒரு காடே கைகோத்து உட்கார்ந்திருந்தது!

“எழுதி வெக்காம எப்படி அம்முணி இத்தனையும் ஞாபகம்?” என்று நண்டு வாய்விட்டே கேட்டுவிட்டது.

“ஒவ்வொரு துளைக்கும் ஒரு பேரைச் சொல்லித்தானுங்க நூலை இழுப்போம். அப்பத்தான் எங்க எல்லாருக்கும் வேலை ஒண்ணாப் போகும். பேரை விட்டா தையலும் விட்டுப் போயிரும்.”

கடைசியில் ஒரே ஒரு இழை மிஞ்சியது. தொட்டிலின் அடியில் வளையமாகச் சுற்றியிருந்த கருப்பு இழை. ஐந்து அடுக்கையும் தாங்கியது அதுதான். நண்டு எத்தனை இழுத்தும் அது நீளவும் இல்லை, அறவும் இல்லை.

“இது யாருது?”

செம்பி தயங்கியது.

“தெரியாதுங்க.”

“ஆகா!” என்று குதியான் குதித்தது. “கேட்டுக்கங்க எல்லாரும்! தெரியாதாம்! திருட்டு நூலு! என் மடல்ல தெரியாதுன்னு ஒரு வரி இருக்குதா பாருங்க!”

இந்தக் கூச்சலைக் கேட்டுத் தலைமை யானையே ஆற்றில் இறங்கி மணல்திட்டுக்கு வந்துவிட்டது. செம்பி அதன் முன்னால் நின்று, மறைக்காமல் சொன்னது.

“பெரிய மருத மரத்துப் பட்டையில சிக்கிட்டு இருந்ததுங்க. யாருதுன்னு மைனா மூணு நாள் காடு பூராவும் கேட்டுச்சு. யாரும் வரலை. குடுத்தவங்க யாருன்னு தெரியலைன்னாலும், வாங்கினது வாங்கினதுதானுங்களே! அதனால வாரா வாரம் அந்த மரத்தடியில ஒரு குவியல் அத்திப்பழம் வெச்சுட்டு வர்றோம். யாரோ எடுத்துக்கறாங்க. யாருன்னுதான் இன்னும் தெரியலை.”

யானை அசையாமல் நின்றது. அதன் பெரிய காதுகள்கூட ஆடவில்லை. பிறகு துதிக்கையை நீட்டி, அந்தக் கருப்பு இழையைத் தொட்டுப் பார்த்தது. தன் வாலைத் திருப்பிப் பார்த்தது.

“என் வால்முடி,” என்றது மெதுவாக. “அந்த மரத்துலதான் நான் முதுகு தேய்ச்சுக்குவேன். ஒவ்வொரு வாரமும் அத்திப்பழம் இருக்கும். இது அத்தி காய்க்கற மரமில்லையே, எப்படின்னு யோசிச்சுட்டே தின்னேன். நான் கேக்காத கூலியை நீங்க குடுத்திருக்கீங்க. யாருன்னு தெரியாமயே குடுத்திருக்கீங்க!”

அத்தனை பெரிய உருவம். அதன் கண்ணில் நீர் தளும்பியது. எதிரே கட்டைவிரல் அளவில் ஒரு சிட்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, எது பெரிது என்று எனக்கே குழப்பம் வந்துவிட்டது.

கூட்டம் கொதித்தது. “இப்படிப்பட்டவங்களைத் தடுக்கற சட்டம் எதுக்கு? தூக்கி ஆத்துல போடுங்க!”

“வேண்டாமுங்க!” என்று செம்பி கத்தியது. “சட்டம் இருக்கட்டும்!”

“சட்டம் போனா எங்க கண்ணும் போயிரும்!” என்று மீன்களும் கூவின.

அதுவரை யோசித்துக்கொண்டிருந்த நண்டு தொண்டையைச் செருமியது.

“ஒவ்வொரு வகையிலயும் ஒண்ணைப் பிரிக்கணும்னுதான் விதி சொல்லுது. அந்த ஒண்ணை யாரு எடுத்துக் குடுக்கணும்னு சொல்லலை. இதை நான் காலையிலேயே யோசிச்சிருக்கணும்.”

சொல்லிவிட்டு அது பக்கவாட்டில் நடந்து போய், குதியானின் குவியலில் அடியில் கிடந்த ஒரு தொட்டிலை உருவியது. குதியானின் முகம் வெளுத்தது. நண்டு லேசாக இழுத்ததுமே தொட்டில் இரண்டாகப் பிளந்தது. உள்ளே சேராங்கொட்டைச் சாறு ஊறிய சக்கை. நண்டின் கொடுக்கு ஓரம் எரிந்தது.

“இந்த நூலு யாருது?” என்று நண்டு கேட்டது.

குதியான் மடலைப் புரட்டியது. “வடக்குச் சரிவு இலவ மரம்...”

“அந்த மரத்தை நீங்க மொட்டையடிச்சு ரெண்டு வருசமாச்சு!” என்றது குக்குறுவான். “பூக்கவே இல்லை!”

நண்டு எல்லாப் பக்கமும் பார்த்தது. ஒருமுறை கேட்டது, மறுமுறை கேட்டது. எந்தக் குரலும் எழவில்லை. அந்த அமைதியில் குதியான் மெல்லப் பின்வாங்கி, தன் மடலையும் போட்டுவிட்டு நழுவியது.

யானை எல்லோரையும் பார்த்துப் பேசியது.

“தப்பு என்னுது. சட்டம் போடறப்ப என் உயரத்துல இருந்து பார்த்தேன். அங்கிருந்து பார்த்தா முந்நூறும் இருபத்தாறும் ஒரே மாதிரித்தான் தெரிஞ்சுது. இனி குவியலாச் செய்யறவங்ககிட்ட எதைப் பிரிக்கறதுன்னு நண்டுதான் முடிவு பண்ணணும். ஒண்ணொண்ணாத் தெக்கறவங்ககிட்ட, தெக்கற இடத்துக்கே நண்டு போகணும். அவங்க பேரைச் சொல்லி நூல் இழுக்கும்போதே அதை எழுதிக்கணும். பிரிக்க வேண்டியதில்லை. சாயக் குழியை நாளைக்கே மூடணும்!”

“நொச்சிப் புதர் உசரமுங்களே! நான் எப்படி ஏறறது?” என்றது நண்டு.

“சாஞ்சு சாஞ்சு ஏறு. உனக்கா தெரியாது!” என்றது யானை. அன்று முதல் முறையாக எல்லோரும் சிரித்தார்கள்.

இருபத்தைந்து தொட்டில்களும் அக்கரைக்காரர்கள் கைக்குப் போயின. சாமையும் கிழங்கும் இந்தப் பக்கம் வந்தன. கோடன் ஒரு கிழங்கை மோந்து பார்த்துவிட்டு, அப்படியே உட்கார்ந்து அழுதது. பட்டறைக் குரங்குகளில் இரண்டு வந்து, சங்கத்தில் ஆள் எடுப்பீர்களா என்று கூச்சத்தோடு விசாரித்தன.

ஆனால் முள்ளம்பன்றி மணலில் குவிந்து கிடந்த நூல்களின் முன்னால் தனியாக நின்றிருந்தது. மேகம் தலைக்கு மேல் வந்துவிட்டது. தூரத்தில் இடி.

செம்பி ஓடி வந்து நூல்களைப் புரட்டிப் பார்த்தது.

“அக்கா! ஒரு நூலுகூட அறலை! எல்லாமே இங்கதான் இருக்குது!”

நாற்பது நாள் வேலை. இருந்தது ஒரு சாயங்காலம். சங்கத்தாரால் மட்டும் முடியாது. ஆனால் அங்கே சங்கத்தார் மட்டும் இல்லையே! சிலந்தி தன் நூலைத் தானே எடுத்து வந்து நீட்டியது. வரையாடு தன் முடியைப் பற்களில் பிடித்துக்கொண்டது. மீன்கள் பாசியை நனைத்து மிருதுவாக்கித் தந்தன. நண்டு, பிரித்த அதே கொடுக்குகளால், இலைகளை ஓரம் விலகாமல் கவ்விப் பிடித்தது. யானை வால்முடி வளையத்தைத் துதிக்கையில் தாங்கி நின்றது. செம்பி ஒரு துளை போடும். ஒரு பெயர் சொல்லும். பெயருக்குரியவர் நூலை நீட்டுவார். அடுத்த துளை. அடுத்த பெயர். காட்டில் அப்படி ஒரு தையலை அதற்கு முன்னும் யாரும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

கடைசிப் பெயரைச் சொல்லி நூலை இழுத்தபோது முதல் துளி விழுந்தது.

யானை முள்ளம்பன்றியையும் தொட்டிலையும் முதுகில் ஏற்றிக்கொண்டு, பெருகத் தொடங்கிய ஆற்றைக் கடந்தது. மூன்றாம் நாள் அந்தத் தொட்டிலில் ஒரு குட்டி படுத்தது. ஆறாம் நாள் அதற்கு முள் விறைத்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தொட்டில் கிழியவில்லை. குட்டி தூங்கிக்கொண்டிருந்தது.

கெட்டவரைத் தடுக்க எழுதும் சட்டம், ஒழுங்காகப் பிழைக்கும் எளியவரின் கைக்கும் எட்டும்படி இருந்தால்தான் அது நல்ல சட்டம்.